நீளக்கைச் சட்டையோடு வா

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். உன் நலம் எனக்குத் தெரியும். என் நலத்தை அறிய நீ ஆவலாய் இருக்கிறாயா என்பது தெரியாது. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை என் இடது கையில் இருந்த இரைச்சல் நின்றுவிட்டது. சிறுநீரகம் போனவர்களுக்கு இரத்தத்தைச் சுத்தம் செய்வதற்காகக் கையில் ஒரு நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவார்களே, அந்த இடம் எந்நேரமும் சின்ன மோட்டார் ஓடுவதுபோல அதிர்ந்துகொண்டிருக்கும். உன் அம்மா இருந்த காலத்தில் காலைத் தேத்தண்ணியோடு வந்து, என் கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுது ஓடுது, இண்டைக்கும் நீங்கள் சாகமாட்டியள்" என்பாள். வெள்ளிக்கிழமை நானே காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே இரத்தம் கட்டிவிட்டது. வலது கையில் செய்யலாமா என்று வைத்தியர் தடவித் தடவிப் பார்த்தார். இரத்தக்குழாயெல்லாம் தேய்ந்துவிட்டது, சரிவராது என்றார். இப்போது கழுத்தில் ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். "பார்ப்பம் அங்கிள்" என்றார். இன்சூரன்ஸ் கம்பனிக்காக வேலைக்காலம் முழுவதும் மோதிய வாகனங்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிட்டவன் நான். வாகனச் சொந்தக்காரனிடம் "பார்ப்பம்" என்று எந்த நிலையில் சொல்வோம் என்பது எனக்குத் தெரியும்.

என் கதை கிடக்கட்டும். இதை எழுத வைத்தது உன் கால். என்னை டயலிசிசுக்கு ஏற்றி இறக்குகிற ஃபாரூக் நானா மாளிகாவத்தையில் உன் அறைக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அவர் மூலம்தான் நீ இருக்கிறாயா இல்லையா என்று நான் அறிந்துகொள்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் திரீவீலரை நிறுத்திவிட்டு, இறங்க விடாமல் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சேர், மகன்ட கால் வீங்கி ஈக்கி. ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு தான் நடக்கிறார். கையில எடமில்லயாம், இப்ப ஊசிய தொட இடுக்கில போடுறாராம். இத நான் செல்லாம ஈந்தா அல்லா என்னட்டக் கேப்பான்." அன்று நாலு மணித்தியாலம் மெசினில் கிடந்தபோது நான் என் கழுத்துக் குழாயைப் பற்றி நினைக்கவில்லை. உன் தொடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்த அன்று தாதி உன்னைத் துணியில் சுற்றித் தந்தபோது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது உன் வலது கால். அதே கால்தானாம் என்று நானா சொன்னார்.

பயப்படாதே, இது உன்னை நிறுத்தச் சொல்லுகிற கடிதம் இல்லை. அந்தக் கடிதங்களை எல்லாம் நான் வாயாலேயே எழுதித் தீர்த்துவிட்டேன். நீ முதன்முதல் குடு என்கிற அந்த ஹெரோயின் தூளைப் புகைக்கிறாய் என்று தெரிந்தபோது, இது யாரோ உனக்குச் செய்வினை செய்ததால் வந்தது என்று அம்மா சொன்னாள், நான் சிரித்தேன். ஏழரைச் சனி முடிய எல்லாம் சரியாகும் என்று கொட்டாஞ்சேனைச் சாத்திரியார் சொன்னார், அதற்கும் சிரித்துவிட்டு, இரகசியமாக நாட்காட்டியில் சனி விலகுகிற நாளைப் பார்த்து வைத்தேன். சனி தன் பாட்டில் விலகிப் போனார், நீ இருந்த இடத்திலேயே இருந்தாய். புனர்வாழ்வுக்கு அனுப்பினோம். மெலிந்து, மொட்டையாய், வெட்கமாய்த் திரும்பி வந்தாய், கொஞ்ச நாள் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தாய். அம்மா முட்டை பொரித்துப் பொரித்துப் போட்டாள். பிறகு ஒருநாள் பேப்பர் வாங்கப் போனவன் பேப்பர் இல்லாமல் வந்தாய். இன்னொரு முறையும் அனுப்பினோம். கலியாணம் கட்டி வைத்தால் திருந்துவான் என்று வத்தளையில் ஒரு பெண்ணைப் பேச வெளிக்கிட்டார்கள். நல்ல காலம், நான் அதை மட்டும் மறித்தேன். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து இந்தக் குழியை மூட எனக்கு மனம் வரவில்லை. நீ திருந்துவாய் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை, தம்பி. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பொய் சொல்லி எழுத எனக்குக் காலமில்லை.

அம்மாவின் செத்தவீட்டை நீ மறந்திருக்கமாட்டாய். எங்களுடைய வெள்ளவத்தை ஃபிளாட்டில் உடலை வைக்க விடமாட்டார்கள் என்பதால் மலர்ச்சாலையில் கிரியை நடந்தது. நீ கறுத்த நீளக்கைச் சட்டையோடு மூலையில் நின்றாய். அவ்வளவு காலமும் நீ புகைக்கிறாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயர் கும்பத்தை வைத்துவிட்டு, "மகன் ஆர்? வாங்கோ. தம்பி, சேட்டைக் கழட்டுங்கோ" என்றார். கொள்ளி வைக்கிற பிள்ளை வெறும் மேலோடு வேட்டி கட்டித்தான் நிற்கவேண்டும், அது எங்கள் முறை, யாரும் அதை ஒரு விஷயமாக நினைப்பதில்லை. நீ அசையவில்லை. மாமா உன் காதுக்குள் ஏதோ சொன்னார். பிறகு நீ அம்மாவின் முகத்தைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாய். யாரும் உன்னை இழுத்துக் கழற்றவில்லை. ஓடியிருக்கலாம், வாசல் திறந்துதான் இருந்தது. நீ கழற்றினாய். தேவாரம் படித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். முழங்கை மடிப்பில் கறுத்துக் கயிறுபோலத் தடித்திருந்த கோடுகள், மணிக்கட்டுவரை தழும்பு, ஒரு இடத்தில் சதை குழிந்து ஆறாத புண். நான் ஊசி ஏறுகிற ஆள். பார்த்த உடனேயே விளங்கிவிட்டது.

அப்போது நான் என் தோளில் கிடந்த சால்வையை எடுத்து உன்மேல் போர்த்தினேன். நீ மெல்லச் சொன்னாய், "குளிரேல்ல அப்பா." "கிடக்கட்டும்" என்றேன். சுடலையில் குடத்தைத் தோளில் வைத்து நீ அம்மாவைச் சுற்றினாய். ஒவ்வொரு சுற்றுக்கும் ஐயர் கத்தியால் குடத்தைக் கொத்த, தண்ணீர் பீறிட்டு உன் முதுகில் வழிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சால்வை சரிந்தது. ஒவ்வொரு முறையும் நான் பின்னாலேயே வந்து தூக்கி விட்டேன். ஒரு கையால் குடத்தையும் மறு கையால் சால்வையையும் பிடித்துக்கொண்டு நீ தடுமாறினாய். தகப்பன் எண்டா இப்படி இருக்கவேணும் என்று சனங்கள் கதைத்தார்களாம். எனக்கு அன்று உன்மேல் அன்பே வரவில்லை, தம்பி. வெட்கம்தான் வந்தது. கம்பனிக்காரர் வந்திருக்கிறார்கள், அம்மாவோடு படிப்பித்த ரீச்சர்மார் வந்திருக்கிறார்கள், பார்க்கிறார்களே, பார்க்கிறார்களே என்று மட்டும்தான் மனம் அடித்துக்கொண்டது. தன் தாய்க்குச் செய்யவேண்டியதைச் செய்வதற்காக, இருந்த ஒரே மறைப்பையும் கழற்றிப் போட்டவன் நீ. நான் அதன்மேல் துணியைப் போட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் நீ வீட்டைவிட்டுப் போனாய். ஏன் போனாய் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு ஒரு முறை நீயே டயலிசிஸ் பிரிவுக்கு வந்தாய். காசு கேட்கத்தான் வந்தாய் என்பது எனக்கு விளங்கியது, ஆனால் வந்தாய். எனக்குப் போடுகிற ஊசியைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, சாக்கு தைக்கிற ஊசி மாதிரி" என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. முடிந்து ஊசியை உருவியதும், ஓட்டையை யாராவது அழுத்திப் பிடிக்கவேண்டும், விட்டால் சட்டையெல்லாம் இரத்தமாகிவிடும். தாதி செல்வி மற்றக் கட்டிலுக்குப் போயிருந்தாள். நீ யாரும் சொல்லாமல் எழும்பி, இரண்டு விரலை வைத்து அழுத்தினாய். விரலை எடுத்து எடுத்துப் பார்க்காமல், ஒரே அழுத்தாக, பேசாமல் நின்றாய். உன் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது, அடுத்த ஊசிக்கான நேரம் தப்பிவிட்டது என்று நினைக்கிறேன். அப்படியும் கையை எடுக்கவில்லை. உன் கை என் கையில் இருந்தது நீ வீதி கடக்கப் பழகிய காலத்துக்குப் பிறகு அன்றுதான். இரண்டு பேருக்கும் கை முழுக்க ஊசித் தழும்பு. என்னுடையதைப் பார்த்தால் பஸ்சில் எழும்பி இடம் தருவார்கள், உன்னுடையதைப் பார்த்தால் பையை இறுக்கிப் பிடிப்பார்கள்.

போகும்போது நீ தள்ளுவண்டியில் இருந்த பஞ்சுப் பொதிகளையும் மருந்துத் துணியையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனதைச் செல்வி கண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, காசு தந்துவிடுகிறேன் பிள்ளை என்றேன். அவள் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். "அவரு எடுத்ததுல ஒண்ணும் திங்கவோ விக்கவோ முடியாதுங்க ஐயா. பஞ்சு தானே. புண்ணத் தொடைக்கணும்னு நெனைக்கிற ஆளு இன்னும் முழுசா வுட்டுப்போயிடல" என்றாள். எனக்கு அது புதிதாக இருந்தது. நீ களவெடுத்ததை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். அதன் பிறகு மெசினில் கிடக்கும்போதெல்லாம் அவளிடம் கேட்கத் தொடங்கினேன். எங்களைப் போன்றவர்களின் குழாய் கெடாமல் எப்படிப் பார்க்கிறீர்கள், கெட்டால் என்ன ஆகும், திரும்ப வருமா என்று. யாருக்காகக் கேட்கிறேன் என்று அவள் ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்குச் சுகரும் இருக்கிறதல்லவா, இன்சுலின் ஊசி வாங்கப் பார்மசிக்குப் போவேன். இதே வெள்ளவத்தைக் கடையில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு "ஊசி இல்லை" என்று அனுப்பியதாக நானாவிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு இல்லை என்று சொல்லுவார்களா? நரைத்த தலை, கையில் கட்டு, "அங்கிள் இருங்கோ" என்று கதிரை போடுகிறார்கள். உன் அறையில் இருப்பவர்கள் ஒரே ஊசியை நெருப்புப்பெட்டியில் தேய்த்துக் கூராக்கி மாறி மாறிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, எனக்குத் தேவையானதைவிடக் கூட வாங்கினேன். காகிதப் பையில் போட்டு நானாவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது ஹராமான வேலைக்குப் போற சாமான் சேர். என்னட்டத் தராதீங்க." நான் வற்புறுத்தவில்லை. பிறகு அவருடைய கட்டடத்திலேயே ஒருவனுடைய ஜனாஸா எடுத்தார்கள். ஊசிப்புண்ணின் கிருமி இரத்தத்தில் கலந்து செத்தவன். மறுநாள் என்னை ஏற்ற வந்த நானா, திரீவீலரை ஸ்டார்ட் பண்ணாமல் இருந்தார். "அந்தப் பை இன்னும் ஈக்கா சேர்?" என்றார். அன்றிலிருந்துதான் உனக்கு அது வருகிறது. பாவித்ததைப் போட அவர் தருகிற மூடியுள்ள போத்தலும் அவருடைய யோசனைதான். அந்த ஒழுங்கைச் சந்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

இது மாமாவின் காதுக்குப் போய்விட்டது. ஹெவ்லொக் டவுனிலிருந்து வெயிலுக்குள் நடந்தே வந்தார், கோபம் வந்தால் அவருக்குப் பஸ் தேவையில்லை. "அத்தான், நீங்கள் அவனுக்கு என்னத்தைக் குடுத்தனுப்புறியள் எண்டு விளங்குதோ?"

"ஓம். புது ஊசி."

"தகப்பன் செய்யிற வேலையே இது?"

"தகப்பன் செய்யிற வேலை எல்லாம் செய்து முடிஞ்சுது. மிஞ்சினது இதுதான்."

"எப்பிடியும் சாகப்போறவனுக்கு எந்த ஊசியா இருந்தா என்ன? தலைக்கு மேல வெள்ளம் போனாச் சாண் என்ன, முழம் என்ன, அத்தான்?" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து அழுதார். உன்மேல் பாசம் இல்லாதவர் அல்ல அவர், நீ தவழ்ந்தபோது உனக்கு யானையாய் இருந்தவர். நான் தண்ணீர் கொடுத்தேன். அவருக்குரிய பதிலை இப்போது உனக்குச் சொல்கிறேன். சாணும் முழமும் ஒன்றில்லை, தம்பி. கையில் புண் வந்தவன் பல வருடம் இருப்பான். தொடை இடுக்கில் வந்தவனுக்குச் சாவு சொல்லிக்கொண்டு வராது. கையில் இப்படித் தைப்பதற்கு முன் எனக்கு அந்த இடத்தில்தான் குழாய் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில், கையுறை போட்ட வைத்தியர், மெசினில் படம் பார்த்துப் போட்டது. அப்படியும் கிருமி ஏறியது. அன்று எனக்கு வந்த குளிரில் கட்டில் ஆடியது, அம்மா இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்வி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நான் கூட்டிக் குறைத்துப் பழுதாக்கிவிடக்கூடாது. "தொடை வேணாம், கழுத்து வேணவே வேணாம்னு சொல்லுங்க ஐயா. நரம்புக்குப் பக்கத்துலயே பெரிய ரத்தக்கொழா ஓடுது. துடிக்கிற எடத்துகிட்ட போகவே கூடாது. அதுல பட்டா காலே போயிரும். மூடுன நரம்பு திரும்பத் தெறக்காது, அதையே போட்டுக் குத்தக்கூடாது. கைய சோப்புப் போட்டுக் கழுவணும், ஒருத்தரு ஊசிய இன்னொருத்தரு தொடக்கூடாது. தனியா இருந்து போடக்கூடாது. காலு வீங்குனா, செவந்து சுட்டா, குளிர் வந்தா, அன்னைக்கே வரணும், நாளைக்குன்னு சொல்லக்கூடாது." இது உன்னைத் திருத்துகிற பேச்சு இல்லை என்பதைக் கவனி. என் கையைப் பற்றி என்னிடம் எப்படிச் சொல்லுவாளோ அப்படித்தான் சொன்னாள். உன் கால் ஏற்கனவே வீங்கிவிட்டது. அவள் சொன்ன "அன்னைக்கே" என்ற நாள் உனக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள். பொலிஸ் வருமோ என்று நீ பயப்படுவாய் என்றேன். காலைப் பார்க்கிற வைத்தியர் காலைத்தான் பார்ப்பார் என்றாள். நானா உன்னை ஏற்றி வருவார். எந்த நேரமானாலும் கதவைத் தட்டு என்கிறார். இதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ போகமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். மோதிய வாகனத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தால் போதும், அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். என் கணிப்பு பெரும்பாலும் பிழைத்ததில்லை. சொந்தக்காரர்கள் அப்படியும் சைட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் நான் சிரித்திருக்கிறேன். இப்போது நான் ஊசிப் பையை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கடைசியாக ஒன்று. மாமா தன் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறார், எனக்கு ஏதும் நடந்தால் அவன்தான் கொள்ளி வைக்கவேண்டும் என்று. நீ வரும் நிலையில் இருக்கமாட்டாய் என்பது அவருடைய கணக்கு. நான் சரி என்று தலையாட்டினேன், பாவம், அவருக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். பிறகு ஐயரை டெலிபோனில் கூப்பிட்டுத் தனியாகக் கதைத்தேன். அம்மாவுக்குச் செய்த அதே ஐயர்தான். "ஐயா, என்ர மகன் வந்தா, குடத்தை அவனிட்டைக் குடுங்கோ. அவன் நீளக்கைச் சேட்டோட வருவான். கழட்டச் சொல்லவேண்டாம்" என்றேன். அவர் முறை என்று ஏதோ தொடங்கினார், பிறகு நிறுத்திவிட்டு, "அண்டைக்கு அந்தப் பிள்ளை தாயைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கு. வரட்டும்" என்றார். அன்று உன்மேல் சால்வை போட நான் இருக்கமாட்டேன். கழற்றுவதா விடுவதா என்பது உன் இஷ்டம்.

ஆனால் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு என்னை மூன்று முறை சுற்றவேண்டும், தம்பி. அதற்குக் கால் வேண்டும். என் கழுத்துக் குழாய்க்கு முன் உன் கால் முந்திவிட்டால், இரைச்சல் நின்றுபோன இந்தக் கையால் நான்தான் உனக்குக் கொள்ளி வைக்கவேண்டி வரும். அதை மட்டும் எனக்குச் செய்துவிடாதே. நானா கீழே நிற்கிறார். போய்க் காலைக் காட்டு.

அப்பா